சிதறும் வாக்குகளும் மாறும் வாக்காளரும்: ஐரோப்பாவும் தமிழகமும்

முன்னுரை

மக்களாட்சியில் வாழும் நாம் தேர்தல் நாளன்று விரலில் மையிட்டுக்கொண்டு கடமை முடிந்ததென வீடு திரும்புகின்றோம். அளித்த வாக்கு எவ்வழியாகச் சென்று இடமாகின்றது, இடங்கள் எவ்வாறு கூடி ஆட்சியாகின்றன என எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஐரோப்பிய நாடுகளில் கட்சிகள் பலவாகப் பிரிந்து வருவதையும், வாக்காளர் பழைய பிணைப்புகளிலிருந்து விலகி வருவதையும் அரசியல் அறிஞர்கள் அரை நூற்றாண்டாக ஆராய்ந்து வருகின்றனர். இவ்விரு நிகழ்வுகளும் நமக்குப் புதியன அல்ல. மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த கொட்டாம்பட்டி போன்ற ஊர்களின் சுவர்கள், ஒரு தலைமுறைக் காலத்தில் எத்தனை சின்னங்களை ஏற்று அழித்துள்ளன என்பதை மூத்தோர் நன்கறிவர்.

கட்சிகள் சிதறுவதும் வாக்காளர் மனம் மாறுவதும் ஒன்றுதானா? சிதறலால் பெறுவோர் யாவர், இழப்போர் யாவர்? இவ்விரு வினாக்களுக்கும் தமிழகத் தேர்தல் வரலாற்றை முதன்மைச் சான்றாகவும் ஐரோப்பிய நிலையை ஒப்பீடாகவும் கொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்கள் காட்டும் பொருள்

தமிழ் பயில்வோர் எப்பொருளையும் அதன் சொல்லிலிருந்து அணுகுதல் தகும். ‘வாக்கு’ என்பது சொல். தலைவர் மக்களுக்கு வாக்களிக்கின்றார். மக்கள் தலைவருக்கு வாக்களிக்கின்றனர். முன்னது உறுதிமொழி; பின்னது தெரிவு. இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும் நம் வழக்கு, தேர்தல் என்பது இருபுறமும் சொல் கொடுத்துச் சொல் வாங்கும் ஒப்பந்தம் என்பதை உணர்த்துகின்றது.

‘கட்சிக்காரர்’ என்னும் சொல் இன்னும் நுட்பமானது. நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தம்மிடம் வழக்கை ஒப்படைத்தவரைக் கட்சிக்காரர் என்பார். தேர்தல் களத்தில் ஒரு கொடியின் கீழ் நிற்பவரும் கட்சிக்காரரே. ஒரு பக்கம் சார்ந்தவர் என்பதே இரண்டிற்கும் பொதுவான பொருள். வழக்கில் இரு கட்சியாருக்கும் அப்பால் அமர்ந்து கேட்பவர் நடுவர். வாக்காளர் கட்சிக்காரராக இருந்த நிலையிலிருந்து நடுவராக இருக்கும் நிலைக்கு மெல்ல நகர்வதையே ‘மாறும் வாக்காளர்’ என்னும் தொடரால் நாம் குறிக்கின்றோம்.

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறையைத் தேர்தலின் முன்னோடியாகப் பலரும் சுட்டுவர். அது பெருமைக்குரியதே. ஆயினும் அங்கே தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். வாக்குகளை எண்ணிக் கூடுதல் பெற்றவரைத் தேரும் முறை அன்று அது. ஆகவே வாக்குச் சிதறல் என்னும் சிக்கல் அங்கு எழவில்லை. எண்ணிக்கையால் வெற்றி முடிவு செய்யப்படும் இடத்தில்தான் சிதறல் பொருள் பெறுகின்றது.

ஐரோப்பா கண்ட மாற்றம்

லிப்செட், ரொக்கான் என்னும் இரு அறிஞர்கள் 1967இல் ஒரு கருத்தை வெளியிட்டனர். 1960களில் மேலை ஐரோப்பாவில் நிலவிய கட்சி அமைப்பு, பெரும்பாலும் 1920களின் சமூகப் பிரிவுகளையே பிரதிபலிக்கின்றது என்பது அக்கருத்து. தொழிலாளி தொழிலாளர் கட்சிக்கும், திருச்சபைப் பற்றுடையோர் சமயச் சார்புக் கட்சிக்கும் வழிவழியாக வாக்களித்தனர். கட்சி குடும்பச் சொத்தைப் போலத் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது.

அந்நிலை நீடிக்கவில்லை. டென்மார்க்கில் 1973இல் நடந்த ஒரே தேர்தலில் நாடாளுமன்றக் கட்சிகளின் எண்ணிக்கை ஐந்திலிருந்து பத்தாக உயர்ந்தது. நெதர்லாந்தில் 2021ஆம் ஆண்டுத் தேர்தலில் 150 இடங்களைப் பதினேழு கட்சிகள் பங்கிட்டுக்கொண்டன. பெல்ஜியத்தில் 2010ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் முழுமையான அரசு அமைய 541 நாட்கள் ஆயின. பெருந்தொழிற்சாலைகள் குறைந்தமை, திருச்சபைக்குச் செல்வோர் குறைந்தமை, கல்வி பரவியமை, தொலைக்காட்சியின் வரவு ஆகியன பழைய பிணைப்புகளைத் தளர்த்தின என்பர் ஆய்வாளர்.

இங்கு ஒரு வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். நெதர்லாந்தில் கட்சிகள் தாம் பெற்ற வாக்குகளின் அளவிற்கேற்ப இடம் பெறுகின்றன. இது விகிதாசாரப் பிரதிநிதித்துவம் எனப்படும். பிரிட்டனிலும் இந்தியாவிலும் ஒவ்வொரு தொகுதியிலும் முந்தி நிற்பவர் ஒருவரே வெல்கின்றார். முந்தியவர் வெல்லும் முறை இரு கட்சிகளை வளர்க்கும், விகிதாசார முறை பல கட்சிகளை வளர்க்கும் என்று பிரெஞ்சு அறிஞர் துவெர்ஜே 1951இல் எழுதினார். இரு கட்சிகளை வளர்க்க வேண்டிய முறைக்குள் பல கட்சிகள் நுழைந்தால் என்ன நேரும்? இவ்வினாவிற்குத் தமிழகம் 1977இலேயே விடை கண்டது.

1967 முதல் 1977 வரை

ஐரோப்பியக் கட்சிகள் உறைந்து நிற்கின்றன என்று அறிஞர் எழுதிய அதே 1967ஆம் ஆண்டில் இங்கே காங்கிரசின் ஆட்சி முடிவுற்றது. விருதுநகரில் காமராசர் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். மேலூர் வட்டத்துத் தும்பைப்பட்டியில் பிறந்து, எளிமைக்கு எடுத்துக்காட்டாக வாழ்ந்த அமைச்சர் கக்கனும் தோற்றார். ஆயினும் வாக்கு விவரம் வேறொன்றைக் கூறுகின்றது. மாநில அளவில் காங்கிரசும் திராவிட முன்னேற்றக் கழகமும் தனித்தனியே ஏறத்தாழ 41 விழுக்காடு வாக்குகளைப் பெற்றன. காங்கிரசு பெற்ற இடம் 51; கழகம் பெற்றதோ 137. அறிஞர் அண்ணா சுதந்திராக் கட்சி, மார்க்சிய கம்யூனிஸ்டு கட்சி, முஸ்லிம் லீக் முதலியவற்றை ஓரணியில் சேர்த்து, காங்கிரசு எதிர்ப்பு வாக்குகள் பிரியாமல் காத்ததே இவ்வேறுபாட்டின் முதன்மைக் காரணம். மக்கள் மனமாற்றத்திற்கு இணையாகக் கூட்டணிக் கணக்கும் அவ்வெற்றியில் பங்கு கொண்டது.

1969இல் காங்கிரசு பிளவுற்றது. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டார். அடுத்த ஆண்டு நம் அண்டைத் தொகுதியான திண்டுக்கல்லில் நடந்த மக்களவை இடைத்தேர்தலில் அப்புதிய கட்சி வென்றது. ஆளுங்கட்சி மூன்றாமிடத்திற்குச் சென்றது. 1977ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தல் நான்கு முனைப் போட்டியாக அமைந்தது. அ.தி.மு.க. ஏறத்தாழ 30 விழுக்காடு வாக்குகளுடன் 130 இடங்களையும், தி.மு.க. 25 விழுக்காட்டுடன் 48 இடங்களையும், காங்கிரசு 17.5 விழுக்காட்டுடன் 27 இடங்களையும், ஜனதா 17 விழுக்காட்டிற்குச் சற்றுக் குறைவான வாக்குகளுடன் 10 இடங்களையும் பெற்றன. பத்தில் மூன்று பங்கு வாக்கு, 234 இடங்களில் பாதிக்கு மேற்பட்டதாக ஆயிற்று. காங்கிரசுக்கும் ஜனதாவிற்கும் வாக்கில் இருந்த இடைவெளி மிகச் சிறிது. இடத்திலோ ஒன்று மற்றொன்றைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

இதனையொத்த காட்சியை 2024இல் பிரிட்டன் கண்டது. தொழிற்கட்சி ஏறத்தாழ 34 விழுக்காடு வாக்குகளைக் கொண்டு 650 இடங்களில் 411ஐ வென்றது. 14 விழுக்காடு பெற்ற சீர்திருத்தக் கட்சிக்கு 5 இடங்களே கிட்டின; 12 விழுக்காடு பெற்ற தாராளவாத மக்களாட்சிக் கட்சிக்கோ 72 இடங்கள். கூடுதல் வாக்கு பெற்றோர் குறைந்த இடம் பெற்ற இம்முடிவு அங்கே பெரும் விவாதத்தை எழுப்பியது. தமிழகத்திற்கு அது நாற்பத்தேழு ஆண்டுப் பழைய பாடம்.

சிதறலை அளக்கும் முறை

கட்சிகளின் பெயர்ப் பட்டியலை எண்ணினால் மட்டும் சிதறலின் அளவு விளங்காது. பெயரளவில் வாழும் கட்சியையும் பெருங்கட்சியையும் சமமாக எண்ணுதல் பிழையன்றோ? லாக்சோ, தாகெபெரா என்னும் இரு அறிஞர்கள் 1979இல் எளிய கணக்கு ஒன்றைத் தந்தனர். ஒவ்வொரு கட்சியின் பங்கையும் அதனாலேயே பெருக்க வேண்டும். வந்தவற்றைக் கூட்ட வேண்டும். ஒன்றை அத்தொகையால் வகுக்க வேண்டும். இரு கட்சிகள் பாதிப்பாதி பெற்றிருந்தால் விடை இரண்டு. நான்கு கட்சிகள் கால் பங்கு பெற்றிருந்தால் விடை நான்கு.

1977ஆம் ஆண்டு வாக்குகளை இவ்வாறு கணக்கிடுவோம். 0.304, 0.249, 0.175, 0.167 ஆகியவற்றைத் தம்மாலேயே பெருக்கிக் கூட்டினால் ஏறத்தாழ 0.213 வரும். ஒன்றை அதனால் வகுத்தால் விடை 4.7. சிறு கட்சிகளையும் சேர்த்தால் சற்றே குறையும். இடங்களைக் கொண்டு அதே கணக்கைச் செய்தால் விடை 2.7 மட்டுமே. மக்கள் மனத்தில் நாலரைக்கு மேல் இருந்த கட்சிகள் சட்டமன்ற வாயிலைக் கடக்கையில் மூன்றுக்கும் குறைந்துவிட்டன. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவே பேரவையில் ஒலிக்காமற்போன குரல்களின் அளவாகும். மாணவர்கள் பிற தேர்தல்களுக்கும் இக்கணக்கைச் செய்து பார்ப்பது பயனுடைய பயிற்சியாகும்.

1980உம் 1989உம்: இருவேறு மாற்றங்கள்

கட்சிச் சிதறலும் மனமாற்றமும் ஒன்றல்ல என்பதற்கு இவ்விரு ஆண்டுகளும் தக்க சான்றுகள்.

1980 சனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தி.மு.க.–இந்திரா காங்கிரசு அணி தமிழகத்தின் 39 இடங்களில் 37ஐ வென்றது. பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். அரசு கலைக்கப்பட்டது. மே மாதம் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அவ்விரு கட்சிகளும் சேர்ந்தே நின்றன. ஆயினும் அ.தி.மு.க. 129 இடங்களை வென்று மீண்டும் ஆட்சி அமைத்தது, எம்.ஜி.ஆர். மதுரை மேற்குத் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிரணி கலையவில்லை, வாக்காளர் தீர்ப்பு மாறியது. தில்லிக்கு ஒருவர், கோட்டைக்கு ஒருவர் எனப் பிரித்துப் பார்க்கும் நடுவரின் பார்வையை நான்கே மாத இடைவெளியில் தமிழக வாக்காளர் காட்டினர்.

1989ஆம் ஆண்டின் செய்தி வேறு. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அ.தி.மு.க. இரண்டாகப் பிரிந்தது. இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட, ஓர் அணி சேவலையும் மற்றோர் அணி இரட்டைப் புறாவையும் ஏந்தின. காங்கிரசு தனித்து நின்றது. சனவரித் தேர்தலில் தி.மு.க. ஏறத்தாழ 33 விழுக்காடு வாக்குகளுடன் 150 இடங்களை வென்றது. செயலலிதா அணி 21, காங்கிரசு 20, சானகி அணி 9 என வாக்கு விழுக்காடு பெற்றன. மூன்றையும் கூட்டினால் 50. இடங்களோ முறையே 27, 26, 2. மார்ச்சில் மதுரை கிழக்கிலும் மருங்காபுரியிலும் இடைத்தேர்தல் நடந்தபோது அணிகள் இணைந்துவிட்டன. இரண்டையும் இரட்டை இலை வென்றது. நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க.–காங்கிரசு அணி 39இல் 38 இடங்களைப் பெற்றது, தி.மு.க.விற்கு ஓரிடமும் இல்லை.

அவ்வாண்டின் வெற்றி தோல்விகளை மட்டும் காண்போர், மக்கள் பத்து மாதத்தில் தலைகீழாக மாறினர் என்பர். வாக்குகளைக் கூட்டிப் பார்ப்போர், பிரிந்து கிடந்தவை சேர்ந்தன என்பதே பெரிதும் உண்மை எனக் காண்பர். 1980இல் அணி நின்றது, மனம் மாறியது. 1989இல் மனம் பெரிதும் நின்றது, அணி மாறியது. வள்ளுவர் ‘உட்பகை’ என ஓர் அதிகாரமே வகுத்தமைக்குரிய காரணம் இத்தகைய வரலாற்றால் விளங்கும்.

கூட்டணி என்னும் மதகு

ஐரோப்பாவில் கட்சிகள் தேர்தலுக்குப் பின் கூடிப் பேசி ஆட்சி அமைக்கின்றன. தமிழகத்தில் தேர்தலுக்கு முன்பே பேசி இடம் பிரித்துக்கொள்கின்றன. சிதறும் நீரை ஒரு வாய்க்காலில் திருப்பும் மதகு போலக் கூட்டணி இங்கே செயற்படுகின்றது. அங்கே பேரம் மக்கள் தீர்ப்புக்குப் பின். இங்கே தீர்ப்புக்கு முன். எந்த அணியென அறிந்தே வாக்களிக்கலாம் என்பது நம் முறையின் நன்மை. தாம் விரும்பும் கட்சியின் சின்னமே தம் தொகுதியில் இல்லாமற் போவது அதன் குறை.

மதகின் ஆற்றலை ஒரே கட்சியின் வரலாறு காட்டும். தேசிய முற்போக்கு திராவிடர் கழகம் 2006இல் தனித்து நின்று 8.4 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. கிடைத்த இடம் ஒன்று. 2011இல் அ.தி.மு.க. அணியில் சேர்ந்து 7.9 விழுக்காடு பெற்றது. கிடைத்த இடங்கள் 29. வாக்கு குறைந்தது, இடம் பெருகியது. 2019 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. அணி பாதிக்கு மேற்பட்ட வாக்குகளுடன் 38 இடங்களை வென்றது. 2024இல் எதிரணிகள் பிரிந்து நின்றதால் அவ்வணியின் வாக்கு ஏறத்தாழ 47 விழுக்காடாகக் குறைந்தும் 39 இடங்களும் அதற்கே கிட்டின.

சிறு கட்சிக்கு அளித்த வாக்கு வீண் என்று இதனால் முடிவு செய்தல் கூடாது. 2006ஆம் ஆண்டின் 8.4 விழுக்காடே 2011ஆம் ஆண்டின் பேச்சுவார்த்தையில் அக்கட்சிக்கு எடை தந்தது. நாம் தமிழர் கட்சி 2021இலும் 2024இலும் ஓரிடமும் பெறவில்லை. ஆயினும் 2024இல் பெற்ற எட்டு விழுக்காடு வாக்கு அதற்கு மாநிலக் கட்சி என்னும் ஏற்பை ஈட்டித் தந்தது. இன்றைய இடமாக ஆகாத வாக்கு நாளைய எடையாக ஆதல் கூடும். ஆனால் அந்நாள் வரும் வரை ஐந்தாண்டு காலம் பேரவையில் பேச ஆளில்லை என்பதையும் எண்ணியே வாக்காளர் முடிவு செய்தல் வேண்டும்.

சிறுபான்மைச் சமூகத்தின் நிலை

இச்சிக்கல் பெருங்கட்சிகளுக்கு வெற்றி தோல்விக் கணக்கு. சிறு சமூகங்களுக்கோ அது குரல் இருப்பதா இல்லாமற்போவதா என்னும் வினா. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர். அவர்கள் மாநிலம் முழுவதும் பரந்து வாழ்வதால், தம் வாக்கை மட்டும் நம்பித் தனித்து வெல்வது அரிது. 1948இல் சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் அமையத் தலைமையேற்ற காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிபு இவ்வுண்மையை நன்குணர்ந்தவர். 1967இல் அவர் அண்ணாவுடன் அமைத்த தோழமை, பரந்து கிடந்த வாக்குகளைப் பொதுநீரோட்டத்தில் சேர்த்து அவற்றிற்குப் பயன் தேடிய முயற்சியாகும்.

பின்னாளில் இச்சமூகத்திலும் அமைப்புகள் பலவாயின. 2009இல் மனிதநேய மக்கள் கட்சி தோன்றியது. 2011இல் அது அ.தி.மு.க. அணியில் இரண்டு இடங்களை வென்றது, 2016இல் தி.மு.க. அணியில் நின்று ஓரிடமும் பெறவில்லை. 2021இல் பாபநாசத்திலும் மணப்பாறையிலும் வென்றது. முஸ்லிம் லீக் 2016இல் கடையநல்லூரை வென்றது; 2021இல் ஓரிடமும் பெறவில்லை. எந்த அணி, எத்தனை இடம், எத்தொகுதி என்பனவே முடிவுகளை வகுத்தன.

நெதர்லாந்தில் துருக்கிய வழியினர் தொடங்கிய ‘டெங்க்’ என்னும் கட்சி 2017இல் இரண்டு விழுக்காடு வாக்குகளைக் கொண்டே 150இல் மூன்று இடங்களைப் பெற்றது. பரந்து கிடக்கும் இரண்டு விழுக்காடு நம் முறையில் ஓரிடமும் தராது. ஆனால் இதற்கு மறுபுறமும் உண்டு. அங்கே சிறு சமூகம் பிறரிடம் வாக்குக் கேளாமலே இடம் பெறலாம்; இங்கே பிற சமூகத்தாரின் நம்பிக்கையைப் பெற்றாலன்றி வெல்ல இயலாது. அண்டை வீட்டாரின் வாக்கையும் ஈட்ட வேண்டும் என்னும் இக்கட்டாயம் தமிழக அரசியலின் நல்லிணக்கத்திற்கு ஓரளவேனும் துணை செய்துள்ளது எனலாம்.

வாக்காளர் மாறியமைக்குரிய காரணங்கள்

ஐரோப்பாவில் தொழிற்சங்கமும் திருச்சபையும் செய்த பணியைத் தமிழகத்தில் படிப்பகங்களும் ரசிகர் மன்றங்களும் தேநீர்க் கடைப் பத்திரிகை வாசிப்பும் செய்தன. அங்கே கேட்ட பேச்சால் ஒருவர் வாழ்நாள் முழுதும் ஒரே கொடியின் கீழ் நின்றார். 1990களில் தனியார் தொலைக்காட்சி வீட்டிற்குள் வந்தது; பின்னர்க் கைப்பேசி கைக்குள் வந்தது. திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கச் சென்ற இளைஞர் ஊர்ப் பெரியவரின் சொல்லுக்கு அப்பாலும் செய்தி பெற்றனர். நலத்திட்டங்கள் குடும்பத் தலைவியை நேரடியாகச் சென்றடைந்தன. தமிழகத்தின் அண்மைத் தேர்தல்களில் வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி. வீட்டிற்கு ஒரு கட்சி என்றிருந்த நிலை ஆளுக்கொரு தீர்ப்பு என்னும் நிலைக்கு வந்துள்ளது.

நம் பகுதியையே காண்போம். மேலூர்ச் சட்டமன்றத் தொகுதி மதுரை மக்களவைத் தொகுதியின் ஒரு கூறு. மதுரை மக்களவைத் தொகுதியில் 2019இலும் 2024இலும் தி.மு.க. அணியைச் சேர்ந்த மார்க்சிய கம்யூனிஸ்டு வேட்பாளர் வென்றார். இடையில் 2021இல் மேலூர்ச் சட்டமன்றத் தொகுதியை அ.தி.மு.க. வென்றது. தொகுதி முடிவு ஒவ்வொருவர் மனத்தையும் காட்டாது என்றாலும், எந்த அணியும் இம்மண்ணைத் தன் பரம்பரைச் சொத்தென உரிமை கொண்டாட இயலாது என்பது தெளிவு.

வாக்கால் பிரிந்தோர் வாழ்வால் கூடுவர் என்பதையும் மேலூர் காட்டியது. அரிட்டாபட்டியை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் விடப்பட்டபோது, ஊர்கள் கட்சி வேறுபாடின்றி எதிர்த்தன. 2024 டிசம்பர் 9இல் சட்டமன்றம் அதற்கெதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 7இல் மக்கள் திரளாக மதுரை நோக்கிச் சென்றனர். சனவரி 23இல் ஏலம் கைவிடப்படுவதாக நடுவணரசு அறிவித்தது. பெட்டியில் பல கூறாகப் பிரிந்த வாக்கு, வயலும் மலையும் காக்கும் வேளையில் ஒரே குரலாயிற்று.

முடிவுரை

கட்சிகள் பெருகுதல் வேறு. வாக்காளர் மனம் மாறுதல் வேறு. முன்னது வாக்கை இடமாக்கும் கணக்கை மாற்றும். பின்னது வாக்கையே மாற்றும். முந்தியவர் வெல்லும் முறையில் சிதறல், பெருங்கட்சிக்குப் பெறாத ஆதரவையும் பெற்றது போன்ற வலிமையைத் தருகின்றது. பரந்து வாழும் சிறு சமூகத்தின் குரலை மெலியச் செய்கின்றது. இதற்குக் கூட்டணி ஒரு மருந்து, அதற்கும் விலையுண்டு.

ஒருவரை ஆராய்ந்து தெளிந்த பின்னரே நம்ப வேண்டும் என்பதற்கு வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தை வகுத்தார். மன்னனுக்கு உரைத்த அவ்வறம் மக்களே மன்னராகிய இக்காலத்தில் ஒவ்வொரு வாக்காளருக்கும் உரியது. வேட்பாளரைத் தெரிதல் அதன் ஒரு பாதி. தம் வாக்கு எந்த அணியில் சேரும், சேராவிடின் யாருக்கு வழிவிடும் என அறிதல் மறுபாதி. முதன்முறை வாக்களிக்கச் செல்லும் மாணவர்கள் தம் தொகுதியின் கடந்த இரண்டு தேர்தல் விவரங்களைத் தேடி எடுத்து, ஒவ்வொரு கட்சியும் பெற்ற வாக்கைக் கூட்டியும் பிரித்தும் பார்ப்பார்களாக. அதனை வீட்டிலுள்ள தாய்க்கும் தந்தைக்கும் விளக்குவார்களாக. கணக்கறிந்த நடுவர்கள் மிகுந்த ஊரில், வாக்குக் கேட்டு வருவோரும் தாம் அளிக்கும் வாக்கைக் கவனத்துடன் அளிப்பர்.